மலை இல்லாத ஊரார் மலைக்குப் போகும்போது

மன்னார்த் தீவில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணை மறிப்பது பனையும் பெருக்கமரமும்தான். மேடு என்று சொல்ல ஒரு மணற்கும்பி கிடைத்தால் பெரிது. ஆகவே "பாறை புரண்டு விழுந்து ஆட்கள் பலி" என்று செய்தி வந்தால், அது யாரோ ஊரார் சங்கதி என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

பிறகு இதை நீங்கள் ஏன் வாசிக்க வேண்டும்?

நாம் மலைக்குப் போகிறவர்கள், அதனால்தான். பாடசாலைச் சுற்றுலா நுவரெலியாவுக்குப் போகிறது. டிசம்பர் போயா தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக்கு வான் பிடித்துப் போகிறோம். 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலைநாட்டை விட்டு வன்னிப் பக்கம் வந்து குடியேறிய குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களின் மாமன் மச்சான் இன்னமும் பதுளையிலும் ஹட்டனிலும் தோட்டத்து லய வீடுகளில்தான். அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் நம் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து போனார்கள். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914 இல்தான்.

போக்குவரத்து இவ்வளவு இருந்தும், சரிவைப் பார்த்து அதன் குணம் அறியும் பழக்கம் நமக்கு இல்லை. கடலின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்து "இன்றைக்குத் தொழிலுக்குப் போகாதே" என்று நம் சம்மாட்டி ஒருவர் சொல்வதைப்போல, ஊற்று கலங்கினால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று மலையில் வளர்ந்தவருக்குத் தெரியும். நமக்கு யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும்.

அப்படியானால் மன்னாரில் எதுவும் சரிந்து விழாதா?

விழும். அரிப்புக்குப் போய் அல்லிராணிக் கோட்டையைப் பாருங்கள். பெயர்தான் கோட்டை. உண்மையில் அது, இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய 1800களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. கடலோர மண்முகட்டின் விளிம்பில் நிற்கிறது. அலை அடியை அரிக்க அரிக்க முகடு உடைந்து, கட்டடத்தின் பெரும் பகுதி போய்விட்டது. செங்கற் பாளங்கள் கீழே கடற்கரையில் கிடக்கின்றன. அங்கே நடப்பதும் மலையில் நடப்பதும் ஒரே வேலைதான். அடி தேயும், தலை கனக்கும், ஒரு நாள் விரிசல் விட்டுக் கழன்று விழும். தெற்கே குதிரைமலையின் செம்மண் முகட்டுக்கும் இது பொருந்தும்.

அங்கே போகிறவர்கள் செய்யும் தவறுகள் இரண்டு. வெயிலுக்கு ஒதுங்க முகட்டின் அடியில் உட்காருவது ஒன்று. படம் எடுக்க முகட்டின் ஓரத்தில் நிற்பது மற்றது. உயரம் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் உள்ள ஈரமண் ஏறத்தாழ 2 தொன் எடை. நெஞ்சு வரை புதைந்தாலே போதும், மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். முகட்டின் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் தள்ளி நில்லுங்கள். மழை பெய்த மறுநாள் இன்னும் தள்ளி நில்லுங்கள்.

கடற்கரை மணலில் பிள்ளைகள் ஆழக்குழி தோண்டி உள்ளே இறங்கும் விளையாட்டுக்கும், சுவர் கட்டாமல் மணற்பாங்கில் கிணறு வெட்டுவதற்கும், மணல் அள்ளிய பள்ளத்தின் ஓரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். நம் ஊரில் சரிவு என்றால் பெரும்பாலும் இதுதான். இதற்கு யாரும் சிவப்புக் கொடி காட்டுவதில்லை.

சரி, மலைக்கு வருவோம். பாறை ஏன் விழுகிறது?

நடு மலைநாட்டின் பாறை மிகப் பழையது, உறுதியானது. ஆனால் முழுக் கட்டியாக இல்லை. உள்ளே இயற்கையான வெடிப்புகள் ஓடுகின்றன. மழைநீர் அந்த வெடிப்புகளில் இறங்கி நிறைந்து, உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. மர வேர் நுழைந்து பிளவை அகட்டுகிறது. பாறையின் மேல் பல அடிக்கு உக்கிய மண்ணும் அதில் புதைந்த உருண்டைக் கற்களும் கிடக்கின்றன. மண் ஊறிக் கரைந்தால் அந்தக் கற்களைப் பிடித்து வைக்க எதுவுமில்லை.

இதோடு மனிதர் கை சேர்கிறது. பாதை போட, வீடு கட்ட, கடை வைக்க மலையின் காலைச் செங்குத்தாக வெட்டுகிறார்கள். மலைநாட்டுப் பாதையின் ஒரு பக்கம் வெட்டிய சுவர், மறுபக்கம் பள்ளம். அந்த வெட்டுச் சுவர்தான் பயணிக்கு முதல் ஆபத்து. காட்டு மலையைவிட, மனிதர் வெட்டிய மலைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

மண்சரிவும் கல் விழுவதும் ஒன்றா?

இல்லை. மண்சரிவு என்றால் சரிவின் ஒரு பகுதி மண்ணும் மரமும் நீருமாக மொத்தமாக இறங்குவது. அது பெரும்பாலும் முன்கூட்டி அடையாளம் காட்டும். கல் விழுவது என்றால் ஒரு கல்லோ சில கற்களோ தனியாகக் கழன்று வருவது. அது அடையாளம் காட்டாமலும் வரும். 20 மீற்றர் உயர வெட்டிலிருந்து கழன்ற கல் உங்களிடம் வந்து சேர 2 விநாடி போதும். அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். பார்த்து, யோசித்து, விலக 2 விநாடி போதாது. அதனால் கல் விழும் இடத்தில் இல்லாமலிருப்பது ஒன்றே அதற்குப் பாதுகாப்பு.

2025 நவம்பர் 22 அன்று கொழும்பு–கண்டி வீதியில் கீழ்க்கடுகண்ணாவையில் நடந்தது இந்த இரண்டும் கலந்த விபத்து. வீதியோரக் கடை ஒன்றின் மேல் மலைச் சரிவிலிருந்து பாறையும் மண்ணும் விழுந்தன. 6 பேர் இறந்தார்கள். அவர்கள் மலை ஏறப் போனவர்கள் அல்ல. நாட்டின் மிகப் பழக்கமான பெருவீதி ஒன்றின் கடையில் இருந்தவர்கள். அடுத்த வாரமே, நவம்பர் 28 அன்று, டித்வா புயல் கரையேறியது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற மலை மாவட்டத்தவர், மண்சரிவில் போனவர்கள். அதே மழையில் நம் பக்கம் அருவி ஆறு பெருகியது உங்களுக்கு நினைவிருக்கும். நமக்கு வெள்ளம், அவர்களுக்கு மண்.

வானில் போகும்போது நான் என்ன செய்ய முடியும்? சாரதிதானே ஓட்டுகிறார்?

எங்கே நிறுத்துவது என்பதில் உங்கள் பேச்சு எடுபடும். மழை நாளில், வெட்டுச் சுவரை ஒட்டிய தேநீர்க் கடையில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு வாந்தி, பெரியவருக்குச் சிறுநீர் என்றால் பஜார் அகலமாக இருக்கும் இடம் வரை பொறுத்துப் போங்கள். அருவியைப் பார்க்க இறங்கினால், வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். புதிதாக உரிந்த செம்மண், வேர் தொங்கும் மரம், வெளியே துருத்தி நிற்கும் கல் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அங்கே நிற்காதீர்கள்.

வீதியில் புதுக் கற்கள் சிதறிக் கிடக்கின்றன. இறங்கி அகற்றிவிட்டுப் போகலாமா?

கூடாது. கீழே கல் கிடக்கிறது என்றால், அதே இடத்தில் இன்னும் வரக் காத்திருக்கிறது என்று பொருள். முன்னால் விழுவதைக் கண்டால் நிறுத்தி, பின்னால் எடுத்து, வெட்டுச் சுவர் இல்லாத இடத்துக்குப் போங்கள். தலைக்கு மேலேயே விழத் தொடங்கினால் நிற்காமல் கடந்துவிடுங்கள். இரண்டுக்கும் நடுவில், வண்டியை நிறுத்திவிட்டுக் கைத்தொலைபேசியில் படம் பிடிப்பதுதான் ஆளைக் கொல்லும் வழக்கம்.

பாதை அடைபட்டு வரிசையில் நிற்க நேர்ந்தாலும் இதே கணக்கு. வரிசையில் இடம் போய்விடும் என்று வெட்டுச் சுவரின் அடியிலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்காதீர்கள். மாற்றுப் பாதை என்று யாராவது குறுக்கு வழி காட்டினால், பொலிஸாரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். பெருவீதி சரிந்த மழையில் தோட்டத்துச் சிறு வீதி பத்திரமாக இருக்க நியாயமில்லை.

மழை காலத்தில் மலை வீதியில் இரவுப் பயணம் வேண்டாம். மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரவில் புறப்பட்டு விடிய முன் மலை ஏறுவார்கள். வெயில் படாது, நெரிசல் இல்லை என்பது காரணம். கோடையில் சரி. ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கணக்கை மாற்றுங்கள். மலைப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கும்படி புறப்படுங்கள். இருட்டில் வீதி உடைந்திருப்பதும் தெரியாது, கல் கிடப்பதும் தெரியாது.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று செய்தியில் சொல்கிறார்களே, அது என்ன?

மண்சரிவு எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம். மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள். செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாக இருங்கள். சிவப்பு என்றால் வெளியேறுங்கள். பெரும்பாலும் மழையின் அளவை வைத்துத்தான் நிறம் மாறுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் மூன்றாவது. ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் வெளியேற வேண்டியதுதான்.

எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவின் பெயரில் வரும். தோட்டத்தின் பெயரில் வராது. எனவே நீங்கள் தங்கும் இடம், கடக்கும் வீதி எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்தும் நிலைமையைக் கேட்கலாம். வட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். போன வருட எச்சரிக்கை இந்த வருடமும் சுற்றும்.

மில்லிமீற்றர் கணக்கு எனக்கு எப்படித் தெரியும்?

அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள வெறும் தகரப்பேணி ஒன்றை, கூரை நீரும் மர நீரும் சொட்டாத வெளியில் மாலை வையுங்கள். விடிந்ததும் உள்ளே நிற்கும் நீரில் கையைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். வளர்ந்தவரின் நான்கு விரல் அகலம் ஏறத்தாழ 75 மில்லிமீற்றர். நான்கு விரல் தண்ணீர் நின்றால் முதல் நிலை வந்துவிட்டது. இரு மடங்கு நின்றால் யாரும் சொல்லும் வரை பார்த்திருக்க வேண்டாம். மின்சாரமும் தொலைபேசியும் போன இரவில் இந்தப் பேணி ஒன்றுதான் உங்களுக்குச் செய்தி சொல்லும்.

உறவினர் லயத்தில் தங்குகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் நீரை. என்றும் தெளிவாக வரும் ஊற்று கலங்கி வந்தாலும், இல்லாத இடத்தில் புதிதாக ஊற்று பொங்கினாலும், ஓடிக்கொண்டிருந்த ஊற்று மழை நேரத்தில் திடீரென்று நின்றாலும் மலைக்குள் எதுவோ நகர்ந்திருக்கிறது. பிறகு நிலத்தைப் பாருங்கள். வீட்டுக்கு மேல் சரிவில், தேயிலை நிரைக்குக் குறுக்கே வெடிப்பு ஓடுகிறதா? வீட்டைப் பாருங்கள். நேற்று வரை ஒழுங்காகச் சாத்திய கதவு இன்று இறுக்குகிறதா, சுவர் வெடிப்பு அகலமாகிறதா? மின்கம்பமும் மரமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? இரவில் மேலே மரம் முறியும் சத்தமோ கற்கள் உரசும் சத்தமோ கேட்டால் விளக்கைத் தேடி நேரம் கடத்தாமல் வெளியேறுங்கள்.

அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும், மழை இரவில் வெட்டுச் சுவரை ஒட்டிய அறையில் படுக்காதீர்கள். முன் பக்க அறையில் பாய் போடுங்கள். விருந்தாளிக்கு நல்ல அறை என்று பின் அறையைக் கொடுத்தால், காரணத்தைச் சொல்லி மறுங்கள்.

மீரியபெத்தயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பதுளை மாவட்டம், ஹல்துமுல்லைப் பிரிவு, கொஸ்லந்தை அருகே உள்ள தோட்டம். 2014 அக்டோபர் 29 காலை, பிள்ளைகள் பலர் பாடசாலைக்குப் போன பிறகு, மலை இறங்கி லயங்களை மூடியது. திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்குப் பல வருடம் முன்பே அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள்.

எச்சரித்தும் ஏன் போகவில்லை? இந்தக் கேள்வியை மன்னாரில் பலர் குறை சொல்லும் குரலில் கேட்கிறார்கள்.

போக இடம் வேண்டுமே. லயமும் நிலமும் தோட்டத்தின் கையில். குடியிருப்பவர் பெயரில் உறுதி இல்லை. வேறு இடத்தில் வாடகைக்குப் போக நாட்சம்பளம் போதாது. பிள்ளையின் பாடசாலை, வேலை, கோயில் எல்லாம் அந்த மலையில். "வெளியேறு" என்ற கடிதத்தோடு வீடு கட்ட நிலமும் வராவிட்டால் அது எச்சரிக்கையே தவிர உதவி அல்ல. 1990 இல் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் அயலவரையும், போரில் மாறி மாறி இடம்பெயர்ந்த குடும்பங்களையும் கண்ட ஊர் மன்னார். வீட்டை விட்டுப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

தூரத்திலிருந்து நான் என்ன செய்யலாம்? செம்மஞ்சள் வந்தவுடன் உறவினரை அழைத்து, "இன்றைக்கு இரவு மட்டும் கோயில் மண்டபத்திலோ பாடசாலையிலோ படுங்கள்" என்று சொல்லலாம். மொத்தமாக வீட்டை விடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு இரவு என்றால் கேட்பார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள். பிற்பாடு நிவாரணத்துக்கு அலையும்போது அந்தப் படங்கள் பெறுமதியானவை.

உண்மையிலேயே மலை இறங்கத் தொடங்கிவிட்டால்?

மண் என்றால் அது வரும் வழிக்குக் குறுக்காக, பக்கவாட்டில் ஓடுங்கள். கீழ்நோக்கி ஓடினால் அது உங்களை முந்தும். ஓடை, வாய்க்கால் பக்கம் போகாதீர்கள். மண்ணும் அந்த வழியைத்தான் பிடிக்கும். வெளியேற வழியே இல்லை என்றால், மலைக்கு எதிர்ப் பக்க அறைக்கு, மாடி இருந்தால் மாடிக்குப் போங்கள். மலையேறும் படியில் போகும்போது மேலிருந்து "கல்! கல்!" என்று சத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்காதீர்கள். சுவரோடு ஒட்டி, பையைத் தலைக்கு மேல் பிடியுங்கள். உங்கள் காலில் கல் கழன்றாலும் அதே சத்தத்தைக் கீழே இருப்பவருக்குக் கொடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது? மீட்க யார் வருவார்கள்?

117 அனர்த்த முகாமைத்துவ நிலையம். 119 பொலிஸ். 1990 சுவசெரிய, அதாவது இலவச அம்புலன்ஸ். மூன்றில் எது முதலில் கிடைக்கிறதோ அதற்குச் சொல்லுங்கள். மாவட்டம், வீதி, அருகே உள்ள கிலோமீற்றர் கல்லின் எண், தோட்டத்தின் பெயர், அதில் எந்தப் பிரிவு, எத்தனை பேர் உள்ளே என்ற வரிசையில் சொல்லுங்கள். ஒரு தோட்டத்துக்குள் மேற்பிரிவும் கீழ்ப்பிரிவும் சில மைல் தள்ளி இருக்கும். பிரிவைச் சொல்லாவிட்டால் வண்டி தவறான மலையில் ஏறும். எதிரே பேசுபவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "நாய யாமக்" என்று சொல்லிவிட்டு ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். சிங்களத்தில் மண்சரிவுக்கு அதுதான் சொல்.

பிறகு இராணுவம், பொலிஸ், தேவைப்பட்டால் கடற்படை, விமானப்படை வருவார்கள். ஆனால் அதே மழை அவர்கள் வரும் வீதியையும் அடைத்திருக்கும். ஹெலிகொப்டர் மேகம் விலகினால்தான் பறக்கும். இங்கிலாந்தின் வடக்கே ஏரி மாவட்ட மலைகளில், உள்ளூர்த் தொண்டர்களே பயிற்சி பெற்ற மீட்பு அணிகளாக ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அழைப்பு வந்ததும் சொந்த வேலையை விட்டுவிட்டு ஓடிவருகிறார்கள், பணம் வாங்குவதில்லை. நம் தோட்டங்களிலும் முதலில் மண்வெட்டியோடு ஓடிவருவது பக்கத்து லயத்துக்காரர்தான். அவர்களுக்கு அந்தப் பயிற்சியும் கயிறும் தலைக்கவசமும் இல்லை என்பதுதான் வித்தியாசம். அவற்றைக் கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவான காரியமில்லை என்று நான் நினைக்கிறேன்.

எனவே முதல் ஒரு மணித்தியாலம் அங்கே நிற்பவர்கள் கையில்தான் இருக்கிறது. இடிந்த கட்டடத்துக்குள் தூணும் பலகையும் இடைவெளி விடும்; அங்கே நாட்கணக்கில் உயிர் தங்கிய கதைகள் உண்டு. சேறு இடைவெளி விடாது. அதனால் உடனே தேட வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இறங்கக் கூடாது.

ஒருவரை மேட்டில் நிறுத்தி, மலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் தோண்ட வரக் கூடாது. மேலே அசைவு தெரிந்தால் சத்தம் போடுவது ஒன்றுதான் அவர் வேலை. ஒரு சரிவு இறங்கிய இடத்தில் இரண்டாவது இறங்கி, காப்பாற்றப் போனவர்களையும் மூடுவது வழக்கமாக நடப்பது. பிறகு எல்லோரையும் அமைதியாக்குங்கள். அழுகையும் கூச்சலும் நின்றால்தான் அடியிலிருந்து வரும் முனகல் கேட்கும். கூப்பிடுங்கள், ஒரு நிமிடம் கேளுங்கள், இடம் மாறி மீண்டும் கூப்பிடுங்கள். மண்ணை நீக்கும்போது முதலில் முகத்தையும் நெஞ்சையும் விடுவியுங்கள். ஆள் இருக்கக்கூடிய இடத்தில் இயந்திரத்தை இறக்குமுன் கையால் தேடுங்கள்.

அதே நேரம், எழுதத் தெரிந்த ஒருவர் பட்டியல் போடட்டும். லயத்தின் எந்தக் காம்பராவில் யார், இப்போது எங்கே என்று கேட்டு எழுத வேண்டும். மீரியபெத்தயில் முதலில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றார்கள். பிறகு அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. யார் வேலைக்குப் போனார், யார் பாடசாலையில் என்ற கணக்கு யாரிடமும் இல்லாததே காரணம். பட்டியல் இருந்தால், ஆள் இல்லாத இடத்தில் தோண்டும் நேரம் மிச்சமாகும்.

காயப்பட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா?

மேலும் விழும் ஆபத்து இருந்தால் தூக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் தலையையும் கழுத்தையும் அசைக்காமல் அங்கேயே வைத்து, இரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். கால் நீண்ட நேரம் பாறையின் அடியில் நசுங்கிக் கிடந்திருந்தால், எவ்வளவு நேரமாக என்பதை 1990க்குச் சொல்லி, அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்யுங்கள். நசுங்கிய தசையில் தேங்கிய நச்சு, பாரம் விலகியதும் உடம்பெங்கும் பரவி இதயத்தைப் பாதிக்கும். "நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், வெளியே எடுத்ததும் போய்விட்டார்" என்று சொல்லப்படுவதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

நாம் மறப்பது குளிர். மன்னார்க்காரருக்குக் குளிரால் ஆள் சாவார் என்பது நம்பச் சிரமமானது. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நனைந்த உடுப்போடு, காற்றில், இரவு முழுவதும் கிடந்தால் காயம் சிறிதானாலும் குளிர் ஆளை முடித்துவிடும். ஈர உடுப்பைக் கழற்றி, உலர்ந்த கம்பளியோ சாக்கோ கிடைத்ததைப் போர்த்துங்கள். நிலத்தின் ஈரம் படாமல் அடியிலும் ஏதாவது விரியுங்கள். உடம்பு நடுங்குகிறதே என்று சாராயம் கொடுக்காதீர்கள். அது உடம்பின் சூட்டை இன்னும் வெளியேற்றும்.

மாட்டிக்கொண்டது நானே என்றால்? கத்திக் கத்தித் தொண்டையை வற்றவிடாதீர்கள். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசில் ஊதி அல்லது ரோச் லைற்றை அடித்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஆறு முறை. பல நாடுகளில் மலையேறுவோர் உதவி கேட்கும் அடையாளம் இது. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று முறை வந்தால் யாரோ கேட்டுவிட்டார் என்று பொருள். விசில் இல்லாவிட்டால் கல்லால் தகரத்தையோ குழாயையோ தட்டலாம். ஒரு விசில் நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள். சுற்றுலாவுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒன்று கட்டிவிடுங்கள்.

மழை விட்டுவிட்டது. இனி வீட்டுக்குப் போகலாமா?

உடனே வேண்டாம். மேலே பெய்த நீர் மண்ணுக்குள் மெல்ல இறங்குகிறது. வெயில் அடித்த பிறகும் ஓரிரு நாள் கழித்துச் சரிந்த இடங்கள் உண்டு. பூனையைத் தேட, அரிசியை எடுக்க என்று திரும்பிப் போனவர்கள் அகப்பட்டதும் உண்டு. எச்சரிக்கை விலக்கப்பட்டது என்று கேட்ட பிறகு, பகலில், முதலில் பெரியவர் ஒருவர் போய் வெடிப்பையும் ஊற்றையும் பார்த்துவிட்டு வரட்டும்.

வீடு நின்றாலும் நிலத்தில் வெடிப்பு இருந்தால், அதைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவக அலுவலர்கள் வந்து பார்க்க வேண்டும். கிராம அலுவலர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தோட்டத்தில் குடியிருப்பவர்கள் துரையிடம் வாயால் சொல்லிவிட்டு இருந்துவிட வேண்டாம். எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு முத்திரை வாங்குங்கள். வெடிப்பின் இரு கரையிலும் ஒவ்வொரு குச்சி நட்டு, இடைவெளியை அளந்து, திகதி போட்டுப் படமும் எடுத்து வையுங்கள். அலுவலர் வரும்போது குச்சிகள் விலகியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வருவதற்கு முன்பே விலகுவதைக் கண்டால் அவருக்காகக் காத்திருக்காமல் வெளியேறிவிடுங்கள்.